வீரம்மா படித்துக் காட்டிய கோபுரக் கதை

உன்னைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வீரம்மாவிடம் சொன்னேன். "ஒனக்கு வேற வேலை இல்லையாலா?" என்று கேட்டுவிட்டு, தையல் மெஷினில் இருந்த சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். அவளிடம் கிடைக்கக்கூடிய அதிகபட்ச அனுமதி அதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

இப்போது, 1987இல், ஈப்போ கடைத்தெருவில் அவள் உங்களைக் கடந்து போனால் கவனிக்கவே மாட்டீர்கள். அங்கேயே புந்தோங் பகுதியில் வாடகை வீடு. பகலில் சட்டைத் தொழிற்சாலை, சாயங்காலம் வீட்டில் தையல். கணவர் லாரி ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். ஆள் குள்ளம், குரல் கரகரப்பு, வாய் மட்டும் நீளம். ஆனால் நான் பார்த்த மனிதர்களில் துணிச்சல்காரர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் அவளைத்தான் சொல்வேன். பாம்பை அடிப்பதும் துரையை எதிர்த்துப் பேசுவதும்தான் துணிச்சல் என்று நினைப்பவர்கள் உண்டு. அதையெல்லாம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பல பேர் செய்தார்கள். கூடிப் பழகிய நண்பர்கள் எல்லாரும் ஒரு பக்கம் நிற்கும்போது, தனியாக மறுபக்கம் போய் உட்கார ஒருத்திதான் இருந்தாள்.

எங்கள் தோட்டம் தஞ்சோங் ரம்புத்தானுக்கு உள்ளே, ஆற்றைத் தாண்டி இருந்தது. தஞ்சோங் ரம்புத்தான் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே, அங்கே பெரிய மனநல ஆஸ்பத்திரி இருப்பதால், கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "எப்ப வெளிய விட்டாங்க?" என்பார்கள். அந்தக் கேலியைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்திருந்தது.

1979இல் எனக்குப் பதினாறு வயது. என் பெயர் சீனி. மூன்றாம் படிவத் தேர்வில் தோற்று, அப்பாவோடு மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை, பாலுக்காகப் பட்டையைச் சீவுவது. வீரம்மா என்னைவிட ஒரு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருவாள். ஜெயபாலன், பிச்சைமுத்து, மாரியம்மா ஆகிய மூவரும் எங்கள் வயதுதான். எல்லாருக்கும் அடுத்தடுத்த மர நிரைகளில் வேலை.

விடியலில் பட்டையைச் சீவியவுடன் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் நிறைந்துவிடாது. பால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கடைசி மரத்தை முடித்ததிலிருந்து பாலெடுக்கச் சங்கு ஊதும்வரை காத்திருக்க வேண்டும். அதுதான் பசியாறும் நேரம். பெரியவர்கள் கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடுவார்கள். நாங்கள் ஐந்து பேரும் முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் கூடுவோம். வீரம்மா புத்தகம் படிப்பாள், நாங்கள் கேட்போம்.

அவள் நன்றாகப் படிப்பாள் என்று பொய் சொல்ல மாட்டேன். ராஜாவும் ராணியும் கொலைகாரனும் அவள் வாயில் ஒரே குரலில் பேசுவார்கள். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே படிப்பாள். மழை பெய்தது, மேகம் திரண்டது என்று வரும் இடங்களைத் தாண்டிவிடுவாள். "மழையெல்லாம் நமக்குத் தெரியும்லா" என்பாள். காதல் வரும் பக்கங்களையும் அப்படியே தாண்டுவாள், மாரியம்மா கெஞ்சினாலும் திரும்பிப் போக மாட்டாள். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் வேலைக்கு வராமல் இருக்க முடியாதபடி நிறுத்துவாள். அந்த வருடம் நாங்கள் ஒழுங்காக வேலைக்குப் போனதற்குத் தோட்ட நிர்வாகம் அவளுக்குத்தான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

கோபுரக் கதை அவளிடம் வந்தது தீபாவளிக்கு முன்னால். ஈப்போவில் துணி எடுக்கப் போனவள், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கியிருந்தாள். அட்டை இல்லை, முதல் பக்கமும் இல்லை. எழுதியவர் யார், என்ன தலைப்பு, எதுவும் தெரியாது. கோபுரக் கதை என்பது நாங்கள் வைத்த பெயர்.

அதுவரை நாங்கள் கேட்டதெல்லாம் நடந்து முடிந்த கதைகள். இது இனிமேல் வரப்போகும் ஒரு காலத்தைப் பற்றியது. சுற்றிலும் மதில் வைத்த ஒரு நகரம். நடுவில் ஒரு கோபுரம். விடியும் முன்பே எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும், கோபுரத்திலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார்கள். இராத்திரியில் வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள். வெளியே போக அனுமதி வேண்டும். எழுதியவர் இதையெல்லாம் படிப்பவர் நடுங்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"இது நம்ம பெரட்டுலா," என்றான் ஜெயபாலன். தினமும் விடியலில் அலுவலகத்து முன்னால் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதற்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். "இதப் போயி ஒரு கதைன்னு எழுதியிருக்கான்."

"சம்பளம் உண்டா அவங்களுக்கு?" என்று கேட்டாள் மாரியம்மா.

பிச்சைமுத்துவுக்கு வேறு சந்தேகம். எழுதியவர் எங்கள் தோட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவராக இருக்க வேண்டும் என்று அவன் சத்தியம் செய்தான். நாலைந்து நாட்களுக்கு அவன் முன்னால் எந்தப் புது ஆள் வந்தாலும், "நீங்க கதை எழுதுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெய் கொண்டுவந்த சீனரையும் விடவில்லை.

சிரிப்பு நின்றது, கதையில் விளக்கு வந்த பிறகு. அந்த நகரத்தில் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை கோபுரத்துக்குப் போய் யாராவது ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தவன், ஓடப் பார்த்தவன், யாராக இருந்தாலும் சரி. சொன்னவர் வீட்டுக்குக் கோபுரத்தார் ஒரு விளக்கு கொடுப்பார்கள். சொல்லாதவர் வீடு இருட்டாகக் கிடக்கும். கதாநாயகன் செழியன் எங்கள் வயதுப் பையன். மூன்று மாதமாக யார் பெயரையும் சொல்லாமல் இருட்டிலேயே இருக்கிறான். இந்த இடத்தை வீரம்மா படித்தபோது யாரும் ரொட்டியைக்கூடக் கடிக்கவில்லை. எங்கள் தோட்டத்திலும் பெயர் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனது யார், மங்கில் உறைந்த ஒட்டுப்பாலை மறைத்தது யார் என்று எப்படியோ அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அது யார் வழியாகப் போகிறது என்பது யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் பார்த்து ஜெயபாலன் கமுந்திங்குக்குப் போனான். அங்கே புதுத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் சொல்லியிருந்தான். மறுநாள் பெரட்டில் எல்லாரும் நிற்கும்போது, அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு அவன் பெயரைக் கூப்பிட்டு, "தம்பி, கமுந்திங்கில வயித்துவலிக்கு நல்ல மருந்து கிடைச்சதோ?" என்று கேட்டார். ஒரு வாரம் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று பசியாற உட்கார்ந்தபோது புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. வேலை இல்லாவிட்டாலும் ஜெயபாலன் வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. பிச்சைமுத்து மெதுவாகக் கேட்டான்: "நம்ம லயத்துல யார் வீட்டுல வெளக்கு அணையாம எரியுது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது உண்மைதான். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கு இரவு ஒன்பது மணியோடு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். என் அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை செய்ததால், எங்களுக்கு அதை ஒட்டியே வீடு. அந்தக் கட்டடத்துக்கு மருந்தகத்திலிருந்து கம்பி இழுத்திருந்தார்கள். மருந்தகத்தில் விளக்கு எரியும்வரை எங்கள் வீட்டிலும் எரியும். இது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் ஜெயபாலன் என்னோடு தேர்வுக்குப் படித்தான். இருவரும் தோற்றது வேறு கதை. ஆனால் கோபுரக் கதையைக் கேட்ட பிறகு அந்த விளக்கு அவர்கள் கண்ணுக்கு வேறு விளக்காகிவிட்டது. அத்தனை வருடம் பார்த்த ஒன்றை ஒரே வாரத்தில் மாற்றிக் காட்டுகிற வல்லமை அட்டை இல்லாத ஒரு புத்தகத்துக்கு இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபமும் வியப்பும் சேர்ந்தே வரும்.

"நான் சொல்லலடா," என்றேன். ஜெயபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து நான் தனி ஆள். மாரியம்மா தன் தூக்குச்சட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் பந்து விளையாடும்போது என் காலுக்குப் பந்து வரவில்லை. தோட்டத்தில் பதினாறு வயதில் ஒருவனுக்கு இருப்பது நாலு நண்பர்கள்தான். அவர்களை விட்டால் அடுத்த தோட்டம் ஐந்து மைல். எனக்கு வேலை போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மூன்றாம் நாள் பிச்சைமுத்து வந்து, "சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுவியா?" என்று கேட்டான். எரிகிற சூடத்தைச் சாமி முன்னால் உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது எங்கள் நம்பிக்கை. நான் உடனே சரி என்றேன். எப்படியாவது அவர்களோடு மறுபடியும் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

பசியாறும் நேரத்தில் முனியாண்டி கல்லின் முன்னால் கூடினோம். ஜெயபாலன் வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினான். நான் கையை நீட்டினேன். அதுவரை தன் நிரையில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த வீரம்மா விறுவிறுவென்று வந்தாள். என் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னா நடக்குது இங்க?"

"சீனி சத்தியம் பண்றான். பண்ணிட்டான்னா அவன் சொல்லலன்னு அர்த்தம்," என்றான் பிச்சைமுத்து.

"பண்ணிட்டான்னா? அப்புறம் நாளைக்கு மாரி பண்ணணும். நாளான்னிக்கு நீ. அதுக்கு அடுத்த நாளு நான். அப்படித்தானே?"

அவள் ஜெயபாலனைப் பார்த்தாள். "கதையில கெட்டவன் யாருலா?"

"பேரு சொன்னவன்," என்றான் அவன்.

"இத்தன நாளா என்னத்தக் கேட்ட நீ? சொன்னவன் பயந்தவன். கெட்டது கோபுரம். எல்லாரையும் நிக்க வச்சு யாரு யாருன்னு கேட்டுச்சே, அது. இப்ப நீங்க மூணு பேரும் இங்க நின்னு என்னா பண்றீங்க?"

சொல்லிவிட்டு அவள் குனிந்து, எரிந்துகொண்டிருந்த சூடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மாரியம்மா ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சூடம் அணைந்து புகை வந்தது.

"இன்னமே எவன் பேரு குடுத்தான்னு நான் கேக்க மாட்டேன். யாரக் காட்டிச் சொன்னாலும் காது குடுக்க மாட்டேன். இது என் சத்தியம். சாமிக்கு முன்னால பண்ணிட்டேன். அடுத்தது யாரு பண்றீங்க?"

அவள் இடுப்பில் செருகியிருந்த புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டாள். "மீதிக் கதைய இனி சீனிதான் படிப்பான். கேக்கணும்னா அவன்கிட்ட வந்து ஒக்காருங்க. வேணாம்னா விடுங்க." பிறகு என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளங்கை சிவந்து கொப்புளமாகிக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட அதை ஊதிப் பார்க்கவில்லை.

இதில் நான் இன்றும் நினைத்து நினைத்துப் பார்ப்பது ஒன்று. நான்தான் சொன்னேனா என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை. தனியாக இருந்தபோதும் கேட்கவில்லை. நானாகவே சொல்ல வாயெடுத்தபோது, "வாய மூடு, சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று அதட்டினாள். நான் நல்லவன் என்று நம்பி ஒருத்தி என் பக்கம் வந்திருந்தால் அதை நட்பு என்று சொல்லிவிடலாம். அவள் அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வந்தாள். ஜெயபாலனைக் காட்டிக்கொடுத்தது யார் என்பது இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவன் பஸ் ஏறியதை யாராவது சாலையில் பார்த்திருக்கலாம்.

அந்தச் சத்தியத்தை அவள் காப்பாற்றியும் வருகிறாள். தோட்டத்தில் பாதியை எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாற்றியபோது அவர்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. சட்டைத் தொழிற்சாலையில் ஒருமுறை ஒரு கட்டுத் துணி பாழாகிவிட, மேற்பார்வையாளர் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு யார் செய்தது என்று விசாரித்தாராம். வீரம்மா, "தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்" என்றிருக்கிறாள். அவளைத் தூக்கிப் பொத்தான் ஓட்டை போடும் மெஷினில் உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முதுகு ஒடிந்துவிடும். ஆறு மாதம் உட்கார்ந்தாள். இதையும் அவள் சொல்லி நான் கேட்கவில்லை, கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

புத்தகம் என் கைக்கு வந்த கதைக்குத் திரும்புகிறேன். முதல் நாள் கேட்க ஆள் வீரம்மா மட்டும்தான். எனக்கு நாக்கு குழறியது. மற்றவர்கள் பத்து மரம் தள்ளி உட்கார்ந்து வேறு எதையோ பேசினார்கள். "சத்தமாப் படிலா, காது கேக்கல" என்றாள் வீரம்மா. அவள் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது யாருக்காகச் சொன்னது என்று புரிந்தது. சத்தமாகப் படித்தேன்.

மறுநாள் மாரியம்மா உப்பு கேட்டு வந்தாள். உப்பை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள், பிறகு உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் பிச்சைமுத்து வந்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். செழியனைக் கோபுரத்தார் பிடிக்கும் இடம் வந்ததும் அந்த முதுகு திரும்பிவிட்டது. ஒரு வாரம் முடிந்து வேலைக்கு வந்த ஜெயபாலன் மட்டும் வரவில்லை. தன் நிரையின் ஓரத்தில், காது கேட்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அவன் பக்கம் பார்ப்பேன். மற்ற மூவரும் வந்து என்ன, அவன் வராத வரைக்கும் எனக்கு எதுவும் சரியாகவில்லை.

கடைசி அத்தியாயத்தை நான் முதலிலேயே வீட்டில் படித்துவிட்டேன். பொய்யான குற்றத்தைச் சுமத்திச் செழியனை முற்றத்து நடுவில் ஒரு கல்லில் உட்கார வைக்கிறார்கள். அந்த நகரத்தில் பழைய சட்டம் ஒன்று உண்டு. பொழுது சாய்வதற்குள் யாராவது ஒருவர் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவனை விட்டுவிட வேண்டும். ஒருவர் போதும். நகரமே கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பொழுது சாய்கிறது. யாரும் வரவில்லை. புத்தகம் அவ்வளவுதான்.

முழுப் புத்தகத்தையும் வீரம்மா எங்களுக்கு முன்பே படித்தவள். அன்றைக்குச் சூடத்தை அணைத்துவிட்டு அவள் ஏன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவளிடம் கேட்டேன்.

"யாருமே வரலியே வீரம்மா. இத எப்படி அவங்களுக்குப் படிச்சுக் காட்டுறது?"

"அப்படியே படி. ஒண்ணையும் தாண்டாத."

"ஜெயபாலன் வரலன்னா?"

"அது புஸ்தகம்லா," என்றாள். "அத எழுதினவனுக்கு அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கு."

அன்று பசியாறும் நேரத்தில் படித்தேன். வெயில், நிழல், முற்றத்து மண் எதையும் தாண்டவில்லை. கடைசி வரியையும் படித்து முடித்தேன். மரங்களில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. மாரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிச்சைமுத்து புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி, பின்னால் வேறு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தான்.

நிரையின் ஓரத்திலிருந்து ஜெயபாலனின் குரல் வந்தது. "என்னா மனுசனுங்க இவனுங்க? ஒரு ஆளு போதும்ல. எவனாச்சும் வந்து ஒக்காந்திருக்கலாம்ல?"

நாங்கள் நாலு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவன் அதைச் சொன்னான். எனக்கு அவனை ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் கறுத்துவிட்டது. கையில் இருந்த சருகைக் கொஞ்ச நேரம் கிழித்துக்கொண்டிருந்தான். பிறகு, தலையைத் தூக்காமலே, "இப்ப வந்தா செல்லுமா?" என்று கேட்டான்.

பதில் சொல்வாள் என்று வீரம்மாவைப் பார்த்தேன். அவள் நீயே சொல் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"இன்னும் பொழுது சாயலடா," என்றேன். "வா."

அவன் எழுந்து, நிரையைக் கடந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தான்.